மேப்பில் இல்லாத ஜீன்

நெல்லின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்துவிட்டோம் என்று 2005ல் ஒரு பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு அறிவித்தது. 12 குரோமோசோம்கள், சுமார் 38 கோடியே 90 லட்சம் எழுத்துகள். படித்தது நிப்பான்பாரே என்கிற ஜப்பானிய ரகத்தை. அதற்கப்புறம் எந்த லேபில் நெல் ஜீன் பற்றிப் பேச்சு வந்தாலும் இதுதான் மேப். ஒரு ஜீனைத் தேடணும்னா முதலில் இதைத்தான் விரிப்பார்கள்.

இந்தக் குறிப்பு அந்த மேப்பிலேயே இல்லாத ஒரு ஜீனைப் பற்றியது. சத்தில்லாத மண்ணில் நெல்லின் வேரை வளரவைக்கிற ஜீன். அது இல்லாத ரகத்தை உலகத்துக்கே மாதிரியாக வைத்துக்கொண்டு தேடினால் எப்படிக் கிடைக்கும்? கிடைக்க 14 வருஷம் ஆயிற்று. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பிரச்சினை ஆரம்பிப்பது அங்கேதான்.

பயிருக்கு வேண்டிய மூன்று பெரிய சத்துகளில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் ஓரளவு வழிக்கு வரக்கூடியவை. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பயங்கரப் பிடிவாதம். தழைச்சத்தை யூரியாவாகப் போட்டால் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு ஓடும். வேரைத் தேடித் தானே வரும், கொஞ்சம் அசந்தால் வேரைத் தாண்டி ஆழத்துக்கும் போய்விடும். பாஸ்பேட் அப்படி ஓடாது. செம்மண்ணில், அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடும். போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடும் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ டிஏபி மூட்டையில் உரக்கணக்குப்படி 46 சதவீதம் மணிச்சத்து, அதாவது 23 கிலோ. ஆனால் இது ஆக்சைடாகச் சொல்கிற கணக்கு. அதில் தனிமமாக இருக்கிற பாஸ்பரஸ் சுமார் 10 கிலோதான். அந்தப் பத்திலும் அந்தப் பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 10 முதல் 20 சதவீதம் என்கிறார்கள். ஆக ஒரு மூட்டைக்கு ஒரு கிலோ, மிஞ்சிப் போனால் இரண்டு கிலோ. மீதி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. மண்ணில்தான் இருக்கிறது, பயிர் கைக்கு எட்டாமல் இருக்கிறது. வருஷா வருஷம் உரம் போட்ட நிலங்களில் இப்படிச் சேர்ந்த கையிருப்பு நிறைய.

அந்த உரமோ பாறையிலிருந்து வருவது. உலகத்தின் பாஸ்பேட் பாறை இருப்பில் 70 சதவீதம் போல மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் கிடக்கிறது. இந்தியா பாறையாகவோ, அமிலமாகவோ, டிஏபி மூட்டையாகவோ வெளியே இருந்து வாங்கித்தான் ஆகணும். கப்பல் தாமதமானால் விதைப்பு நேரத்தில் உரக்கடை வாசலில் வரிசை நிற்கிறது. அதனால்தான் வேர் என்ன பண்ணுகிறது என்பது வெறும் தாவரவியல் கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

செடிக்குப் பசிப்பது எப்படித் தெரியும்?

மண் ஈரத்தில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டை விட வேரின் செல்லுக்குள் இருப்பது ஆயிரம் மடங்கு அடர்த்தி. அப்படியென்றால் அது தானாக உள்ளே வழிந்து வராது, மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது போல உள்ளே இழுக்கணும். இழுக்கிற பம்புகள் வேரின் மேல்தோலில் உண்டு. அவற்றை எவ்வளவு வைப்பது, எப்போது வைப்பது என்பதைத் தீர்மானிக்க ஒரு தலைமை ஸ்விட்ச் இருக்கிறது. பிஎச்ஆர் என்கிற புரதம். ஜீன்களின் முன்னால் போய் உட்கார்ந்து அவற்றை ஆன் செய்கிற வகை. 2001ல் மாட்ரிட்டில் ஹாவியர் பாஸ் ஆரஸ் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்தது அராபிடாப்சிஸ் என்கிற, கடுகுக்குச் சொந்தக்காரச் செடியில். பிறகு நெல்லிலும் அதற்கு இணையான புரதம் இருப்பது தெரிந்தது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், பட்டினி வந்தபிறகு இந்த ஸ்விட்ச் புதிதாகச் செய்யப்படுவதில்லை என்பது. அது எப்போதும் இருக்கிறது. அதன் கையை எஸ்பிஎக்ஸ் என்கிற இன்னொரு புரதம் பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள எஸ்பிஎக்ஸுக்கு ஒரு சின்ன மூலக்கூறு துணை வேண்டும். இனாசிட்டால் பைரோபாஸ்பேட் என்று பெயர், அதன் உடம்பு முழுக்கப் பாஸ்பேட்தான். செல்லில் பாஸ்பேட் தாராளமாக இருக்கும்வரை இது தயாராகிக்கொண்டே இருக்கும், பிடியும் இறுகி இருக்கும். பாஸ்பேட் குறைந்தால் இதுவும் குறையும். பிடி நழுவும். ஸ்விட்ச் விடுபட்டு நூற்றுக்கணக்கான ஜீன்களை எழுப்பிவிடும்.

எழுந்தவை என்னென்ன செய்கின்றன? வேரில் பம்புகள் கூடுகின்றன. செல் சவ்வுகளில் இருக்கிற பாஸ்பேட் கொழுப்பைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சர்க்கரையோ கந்தகமோ சேர்ந்த கொழுப்பை வைக்கிறது செடி. வீட்டில் பித்தளைப் பாத்திரத்தை அடகுக்கு அனுப்பிவிட்டு அலுமினியத்தில் சமைக்கிற மாதிரி. இலையில் மைக்ரோ ஆர்என்ஏ 399 என்கிற ஒரு குட்டித் துணுக்கு உருவாகி, உணவுக்குழாய் வழியாக வேருக்கு இறங்குகிறது. மேலே இருக்கிறவனுக்குப் பசி என்று கீழே சொல்லி அனுப்பும் சீட்டு. அது வேருக்குப் போய் பிஎச்ஓ2 என்கிற ஜீனின் செய்தியைத் துண்டாக்குகிறது. பிஎச்ஓ2 ஒரு பிரேக். பம்புகளைக் குப்பைக்கு அனுப்புவது அதன் வேலை. பிரேக்கைத் தளர்த்தினால் பம்புகள் தங்கும்.

பிரேக்கே வேண்டாமே, எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கட்டுமே என்று கேட்கலாம். பிஎச்ஓ2 கெட்டுப்போன செடிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இலையில் பாஸ்பேட் அளவுக்கு மீறிச் சேர்ந்து நுனி கருகிவிடுகிறது. ஆக, "பசியை அதிகப்படுத்து" என்று ஒரே ஒரு ஜீனைத் திருகிவிட்டால் பயிர் தேறிவிடும் என்பது நடக்கிற காரியம் இல்லை.

இதுவரை சொன்னது செல்லுக்குள் நடப்பது. மண்ணில் வேர் செய்வது இன்னும் சுவாரசியம்.

பாஸ்பேட் நகராது என்பதால் வேர்தான் நகரணும். ஒரு வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதைக் காலி செய்துவிட்டால் அந்த இடம் வறண்டதுதான், பக்கத்திலிருந்து வந்து நிரம்பாது. எனவே வேர்த்தூவிகளை நீட்டுகிறது. 2018ல் நாட்டிங்காம், டெல்லி ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு நெல்லில் இது எப்படி நடக்கிறது என்று காட்டினார்கள். மண்ணில் பாஸ்பேட் குறைந்தால் வேர் நுனியில் ஆக்சின் ஹார்மோன் கூடுகிறது. அதை நுனியிலிருந்து தூவி முளைக்கும் பகுதிக்குத் தூக்கிக்கொண்டு வர ஒரு சுமைதூக்கிப் புரதம் இருக்கிறது. அந்தச் சுமைதூக்கியின் ஜீனைக் கெடுத்தால், மண்ணில் எவ்வளவு பஞ்சம் இருந்தாலும் தூவி நீளவில்லை. பசி தெரிகிறது, கைதான் நீளவில்லை.

இன்னொன்று கோணம். பாஸ்பேட் பெரும்பாலும் மேல்மண்ணில் இருப்பதால் வேர் படுத்தவாக்கில் பரவினால் லாபம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் லிஞ்ச் பீன்ஸ் செடியில் இதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். மேலாக வேர் பரப்பும் பீன்ஸ் மணிச்சத்து குறைந்த நிலத்தில் ஜெயிக்கும். ஆனால் அதே பீன்ஸ் வறட்சியில் திண்டாடும், ஏனென்றால் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? மானாவாரி நிலத்தில் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. இந்தக் கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு பதில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

சில பயிர்கள் கையை நீட்டுவதோடு நிற்பதில்லை, அமிலம் கக்கிப் பூட்டை உடைக்கின்றன. நம்ம துவரை அதில் ஒன்று. ஹைதராபாத் பக்கத்தில் படான்செருவில் இருக்கிற இக்ரிசாட் நிறுவனத்தில் நோரிஹாரு ஏ என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் சக ஆய்வாளர்களும் 1990ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். செம்மண்ணில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் பாஸ்பேட்டைச் சோளத்தால் சரியாக எடுக்க முடியவில்லை, துவரையால் முடிகிறது. காரணம், துவரை வேர் பிசிடிக் அமிலம் என்று ஒன்றைச் சுரக்கிறது. அது இரும்பைக் கவ்விக்கொள்ள, பாஸ்பேட் விடுபடுகிறது. சோளமும் துவரையும் சேர்த்து விதைக்கிற பழைய பழக்கத்துக்குக் கிடைத்த நல்ல விளக்கங்களில் இது ஒன்று. ஏ என்கிற அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இப்போது நெல்லுக்கு.

1998ல் மத்தியாஸ் விசுவா, மசாஹிரோ யானோ, அப்புறம் அதே நோரிஹாரு ஏ, மூன்று பேரும் ஜப்பானில் ஒரு வேலை செய்தார்கள். நிப்பான்பாரேவையும் காசலத் என்கிற இந்தியப் பாரம்பரிய நெல்லையும் கலந்து உண்டாக்கிய வரிசைகளை எடுத்து, மணிச்சத்து குறைந்த மண்ணில் வளர்த்தார்கள். எந்தச் செடி தேறுகிறது, எந்தச் செடி சுருங்குகிறது என்று அளந்து, அதற்கும் குரோமோசோம் துண்டுகளுக்கும் முடிச்சுப் போட்டார்கள். 12வது குரோமோசோமில் ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்தில் காசலத்தின் துண்டு வந்திருந்த செடிகள் அதிக பாஸ்பரஸ் எடுத்தன. அந்த இடத்துக்குப் பப்1 என்று பெயர் வைத்தார்கள்.

காசலத் எந்த வகை நெல் என்பது முக்கியம். ஆஸ் என்கிற குழுவைச் சேர்ந்தது. கிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் குறுகிய காலத்தில், பெரும்பாலும் வானத்தை நம்பி, சுமாரான மண்ணில் விளைகிற நெல்கள் அவை. விளைச்சல் பெரிதாக இருக்காது. வெயில், வெள்ளம், வறட்சி, பசி என்று எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு கைமருந்து வைத்திருக்கும்.

இடம் தெரிந்துவிட்டது, அங்கே எந்த ஜீன் இந்த வேலையைச் செய்கிறது? எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு பம்பு, அல்லது நான் மேலே சொன்ன பசி சிக்னலில் ஒரு கண்ணி. 2005ல் மேப் வந்தது. விரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் அப்படி எதுவுமே இல்லை. கதை இங்கேயே நின்றுபோயிருக்கலாம். நிற்கவில்லை. பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிக்ரிட் ஹாயர் குழுவினர், நிப்பான்பாரேவின் மேப்பை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று, காசலத்தின் அந்தப் பகுதியையே தனியாகப் படித்தார்கள். 2009ல் முடிவு வந்தது. காசலத்தில் அந்தப் பகுதி 2,78,000 எழுத்து நீளம். நிப்பான்பாரேவில் அதற்கு ஈடான பகுதி 1,45,000 எழுத்துதான். ஒரு பெரிய துண்டு அப்படியே காணோம். காணாமல் போன அந்தத் துண்டுக்குள், தாவிக் குதிக்கும் டிஎன்ஏ குப்பைகளுக்கு நடுவில், ஒரு கைனேஸ் ஜீன் இருந்தது. கைனேஸ் என்பது மற்றப் புரதங்களுக்குப் பாஸ்பேட் ஒட்டி அவற்றை வேலைக்கு முடுக்கிவிடும் நொதி.

2012ல் ரிகோ கமுயாவ் முதல் ஆசிரியராக நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஜீனுக்கு பிஸ்டால்1 என்று பெயர். பாஸ்பரஸ் பட்டினி தாங்குதல் என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் அப்படி வருகிறது, துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த ஜீன் இல்லாத ரகங்களில் இதை வைத்து அதிகமாக வேலை செய்ய விட்டால், மணிச்சத்து குறைந்த மண்ணில் மகசூல் கணிசமாகக் கூடியது.

எப்படி? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பிஸ்டால்1 பசி சிக்னலைத் தொடவே இல்லை. பம்பு இல்லை, அமிலம் இல்லை, சீட்டு அனுப்புவதும் இல்லை. நாற்றின் அடியில் சல்லிவேர் புறப்படுகிற இடத்தில் வேலை செய்து, இளம் பருவத்திலேயே வேரைப் பெரிதாக்கிவிடுகிறது. பெரிய வேர் அதிக மண்ணைத் தொடும், அதிக மண்ணைத் தொட்டால் அதிக பாஸ்பரஸ். கூடவே மற்றச் சத்துகளும் வரும். பாஸ்பரஸ் பஞ்சத்துக்கு விடையைப் பாஸ்பரஸ் ஜீன்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தால் இது தட்டுப்பட்டிருக்காது. மண்ணில் செடியை நட்டு, தேறுகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து ஆரம்பித்ததால்தான் கிடைத்தது.

"நவீன ரகங்கள் இந்த ஜீனைத் தொலைத்துவிட்டன" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். நிப்பான்பாரே சேர்ந்த ஜப்பானிகா வம்சத்தில் இது பரவலாக இருந்து பிறகு போயிற்று என்று சொல்ல ஆதாரம் வேண்டும். தொலைந்தது என்பதைவிட, தேர்வு செய்கிற இடத்தில் இதற்கு மார்க் போட யாரும் இல்லை என்பது சரியாக இருக்கும். ஆராய்ச்சி நிலையத்து வயலில் உரம் தாராளமாக இருக்கும். அங்கே இந்த ஜீன் இருக்கிற செடியும் இல்லாத செடியும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும். குள்ளமா, கதிர் பெரிசா, சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துப் பொறுக்குகிறவர் இதைத் தூக்கிப் போட்டால் அவருக்கே தெரியாது. வெள்ளம் தாங்கும் சப்1ஏ ஜீனும் இதே கதைதான். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்கிற நெல்லிலிருந்து கிடைத்தது, அதுவும் நிப்பான்பாரேவில் கிடையாது. ஒரே ஒரு ரகத்தின் வரிசையை "நெல்லின் மரபணுத் தொகுதி" என்று அழைப்பதில் இருக்கிற சிக்கல் இதுதான். பிறகு ஆயிரக்கணக்கான ரகங்களைப் படிக்க ஆரம்பித்ததற்கு இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகளும் ஒரு தூண்டுதல் என்று நினைக்கிறேன்.

சரி, இதை வைத்தால் உரமே வேண்டாமா? இல்லை. இந்த இடத்தில் செய்திக் கட்டுரைகள் கொஞ்சம் ஓட்டமாக ஓடிவிடுகின்றன.

முதலில், தண்ணீர் கட்டிய வயல் வேறு, மேட்டு நிலம் வேறு. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணில் ஆக்சிஜன் குறையும், இரும்பு வேதிமாற்றம் அடைந்து கரையும், அதில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் அவிழும். டெல்டாவில் நடவு வயலில் நிற்கும் நெல்லுக்கு, அதே மண்ணில் மானாவாரியாக விதைத்த நெல்லைவிடப் பாஸ்பரஸ் சுலபமாகக் கிடைக்கும். அதனால் பிஸ்டால்1ன் மதிப்பு மானாவாரியில், மேட்டில், நேரடி விதைப்பில்தான் அதிகமாகத் தெரியும். தண்ணீரை மிச்சப்படுத்த நேரடி விதைப்புக்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனத்துக்கும் போகிற ஊர்களில் இதைக் கவனிக்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீரில் மிச்சம் பிடித்தது மணிச்சத்தில் செலவாகலாம்.

இரண்டாவது, ஒரு ஜீன் எந்த வீட்டுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். ஒரு ரகத்தில் நன்றாக வேலை செய்தது இன்னொன்றில் சுமாராகத்தான் செய்கிறது.

மூன்றாவது, வேர் எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் மண்ணில் இல்லாததை எடுக்க முடியாது. வருஷக்கணக்காக டிஏபி போட்டுக் கையிருப்பு சேர்ந்த நிலத்தில் நல்ல வேர் என்பது வங்கியில் கிடக்கும் சொந்தப் பணத்தை எடுப்பது. உரமே பார்க்காத ஏழை நிலத்தில் அது சுரண்டல். அறுவடையோடு பாஸ்பரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும், சில பருவங்கள் கழித்து வேருக்கும் வேலை இருக்காது. அங்கே எருவோ உரமோ கொஞ்சமாவது திரும்பப் போய்த்தான் ஆகணும். விதைக்காரர் முதல் வகை நிலத்தின் வாக்குறுதியை இரண்டாம் வகை நிலத்துக்காரரிடம் விற்றால் எனக்குக் கோபம் வரும்.

இத்தனையும் சொன்னபிறகும் இது காகிதத்தோடு நிற்கவில்லை. மரபணு மாற்றம் இல்லாமலே இந்த ஜீனை ஒட்டுறவாக்கத்தில் ரகத்துக்கு ரகம் கொண்டுபோகலாம். நாற்றிலேயே இலையைக் கிள்ளி டிஎன்ஏ பரிசோதனை செய்து, ஜீன் வந்த செடியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இந்தோனேசியாவில் டோடோக்கான், சிட்டு பகெண்டிட், பாட்டூர் ஆகிய ரகங்களில் பப்1 சேர்த்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் ஏஎஸ்டி 16, ஏடிடி 43 ரகங்களில் இதைச் சேர்த்த ஆய்வு 2018ல் வந்தது. அதில் குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல் எதிர்ப்பு ஜீன்களும் கூட இருந்தன.

ஹைதராபாத்தில் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பிபிடி 5204 என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சாம்பா மசூரிக்குப் பப்1 சேர்க்க ஒரு கொடையாளி ரகம் வேண்டியிருந்தது. அவர்கள் காசலத்தைத் தேடிப் போகவில்லை. லட்சக்கணக்கான ஏக்கரில் விவசாயிகள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் ஸ்வர்ணாவில் அந்தப் பகுதி இருந்தது. அங்கிருந்து எடுத்துச் சேர்த்து, மணிச்சத்து போடாமலே வைத்திருக்கும் ஒரு வயலில் நட்டுப் பார்த்தார்கள். சாதாரண சாம்பா மசூரி அந்த வயலில் தூர் கட்டாமல் நிற்கும். பப்1 சேர்ந்தது தூர் கட்டிக் கதிர் தள்ளியது.